சனிக்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு நலம். தென்னைக்குக் காண்டாமிருக வண்டு வந்ததால் மருந்து வைத்திருக்கிறோம். மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். மற்றபடி சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அடிக்கடி பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் சில மாதங்களாக நீ குரலாக மட்டுமே வருகிறாய். பேரனைக் காட்டுகிறாய், அவனுடைய ரயில் வண்டியைக் காட்டுகிறாய், சன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைக்கூடக் காட்டுகிறாய். கேமராவை உன் பக்கம் கொஞ்சம் திருப்பு என்றால் சார்ஜ் தீரப்போகிறது என்கிறாய். அவனுடைய இரண்டாம் பிறந்தநாள் படங்களில் உன்னைத் தேடிப் பார்த்தேன். படம் எடுத்தவளே நீ என்பதால் எதிலும் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். இருக்கட்டும்.

கல்யாண வீட்டில் உன் அத்தை பந்தியில் வைத்து உன் உடம்பைப் பற்றிச் சொன்னதை எழுத இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. அவர் யாரைத்தான் விட்டுவைத்தார்? நான் எழுத வந்தது சனிக்கிழமைக் காலையைப் பற்றி.

பேரன் பிறந்தபோது நான் உன்னோடு இருந்த ஆறு மாதங்களில், அவன் தூங்காமல் அழும்போதெல்லாம் வண்டியில் கிடத்திக்கொண்டு லண்டனில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புஷி பூங்காவுக்குப் போய்விடுவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். மான்கள் மேய்வதைப் பார்ப்பதற்காகப் போகிறேன் என்று நீங்கள் இருவரும் கேலி செய்தீர்கள். நான் அதைவிட அதிகமாகப் பார்த்தது சனிக்கிழமைகளில் அங்கு ஓட வந்த கூட்டத்தை. ஒன்பது மணிக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். முன்னால் போகிறவர்கள் குதிரை போலப் பறந்துவிட, பின்னால் வயதானவர்களும், உடல் பருத்தவர்களும், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும் தாய்மார்களும், பேசிக்கொண்டே நடப்பவர்களுமாக அந்த வரிசை முடியவே முடியாது. எல்லாருக்கும் பின்னால் சட்டைக்கு மேல் கையில்லாத ஒரு வண்ண மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி நடந்து வருவார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டபோது, கடைசியாக வருவதே தன்னுடைய வேலை என்றும், ஓட வந்த எவரும் தாம்தான் கடைசி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே தன்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். எத்தனையோ பள்ளி விளையாட்டு விழாக்களில் கோட்டருகே நின்றிருக்கிறேன். கடைசியாக வரும் குழந்தையை என்ன செய்வது என்று இப்படி யோசித்தவர்களை நான் பார்த்ததில்லை.

பார்க்ரன் என்ற அந்தச் சனிக்கிழமை ஓட்டம் உங்கள் பூங்காவில்தான் பிறந்தது என்பதை நான் ஊருக்குத் திரும்பிய பிறகே அறிந்தேன். 2004 அக்டோபர் 2 அன்று, காயம் பட்டு ஓட முடியாமல் இருந்த பால் சிண்டன்-ஹெவிட் என்பவர், நண்பர்களை வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பதற்காக அதைத் தொடங்கினாராம். ஓடியவர்கள் 13 பேர். வந்து சேர்ந்த வரிசையைக் குறிக்க இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களைக் கையில் கொடுத்தார்களாம். இன்று எத்தனையோ நாடுகளில் நடக்கிறது. இன்றும் கட்டணம் கிடையாது. ஒரு முறை பதிவு செய்து, அவர்கள் தரும் பார்கோடைக் கொண்டுபோனால் போதும். ஐந்து கிலோமீட்டரை ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலந்தும் செய்யலாம். இது நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு, ஆண்டுச் சந்தா கட்டிய ஜிம்முக்கும் போகாமல், கூடத்தில் ஓர் ஓடுபொறியை மடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாய் என்றால் அம்மாவுக்குக் கேட்கத் தோன்றாதா?

உன்னைச் சோம்பேறி என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். வேலைக்கும் போய், குழந்தையையும் பார்த்து, இரவு பத்து மணிக்குச் சமையலறையைக் கழுவிவிட்டுப் படுக்கிறவளை அப்படிச் சொன்னால் என் வாய் வெந்துவிடும். உனக்கு மன உறுதி இல்லை என்றும் நான் நினைக்கவில்லை. தனியாகச் செய்கிற காரியமே உனக்கு வராது. அது உன் பிறவிக் குணம். ஒன்பதாம் வகுப்பில் நீ கோ-கோ அணியில் இருந்தபோது காலை ஐந்தரை மணிக்கு உன்னை ஒருவரும் எழுப்பியதில்லை. எட்டுப் பேர் கோட்டில் உட்கார்ந்திருக்க, நீ துரத்திக்கொண்டு வந்து முதுகில் தட்டிக் 'கோ' கொடுத்தால்தான் அடுத்தவள் எழ முடியும் என்பதால், காய்ச்சலோடுகூட ஓடியவள் நீ. மாவட்டப் போட்டியில் வாங்கிய கோப்பை இன்னும் காட்சி அலமாரியில்தான் இருக்கிறது. வருகிறவர்களிடம் உன் பட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் நான் காட்டுகிறேன். அதே நீ, விடுமுறையில் அப்பா மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வா என்றால் இரண்டு சுற்றில் திரும்பி வந்துவிடுவாய். அப்படிப்பட்டவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பொறியில் ஓடவில்லை என்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

என் கதையையும் சொல்கிறேன், நீ முழுதாகக் கேட்டதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நானும் வீட்டு மாடியில் நடந்தேன், மழை வந்தால் நிறுத்தினேன், விருந்தாளி வந்தால் நிறுத்தினேன், பிறகு காரணமே இல்லாமல் நிறுத்தினேன். கடைசி வீட்டு வங்கிக்கார அம்மா வற்புறுத்தி ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்கு அழைத்துப் போன பிறகுதான் அது நிலைத்தது. அங்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள். வர முடியாதவர்கள் ஐந்து மணிக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் போன் வரும், எடுக்காவிட்டால் வீட்டுக்கே ஆள் வரும். ஆர்வம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்த காலமெல்லாம் எனக்கு ஆர்வம் வரவே இல்லை. மாவு விற்கும் தங்கச்சி ஒருத்தி இருட்டில் தனியாக நிற்பாளே என்று கிளம்பிப் போகிறேன். பாதிச் சுற்றில் ஆர்வம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து ரப்பர்ப் பட்டையை இழுக்க வைக்கிறாள், தோப்புக்கரணம் போட வைக்கிறாள். நடந்தால் மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு அதையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறதாம்.

கூட்டம் என்றால் எல்லாம் நன்மையே என்று சொல்லி உன்னை ஏமாற்றவும் மாட்டேன். முதல் சில மாதங்கள் என் எடை அசையவே இல்லை. நடை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து மெஸ்ஸுக்குப் போய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டால் எப்படி அசையும்? ஒரு மணி நேரம் நடந்து எரித்தது இரண்டு மெதுவடையிலும் ஒரு சர்க்கரைக் காப்பியிலும் திரும்ப வந்துவிடுகிறது. தனியாக இருந்தால் நான் அந்த வாசலை மிதித்திருக்கவே மாட்டேன். கூட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். எங்கே இழுக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மெஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1லிருந்து 6.9க்கு வந்தது. இன்னொன்றையும் முளையிலேயே நிறுத்தினோம்: மாதம் ஒரு நாள் எல்லாரும் வரிசையில் நின்று எடை பார்த்து, யார் அதிகம் குறைத்தார் என்று பரிசு கொடுக்கலாம் என்று ஒருவர் கிளம்பினார். பந்தியில் உன் அத்தை செய்கிற வேலையைத் தராசை வைத்துச் செய்வதற்கு ஒரு குழு எதற்கு? நீ சேரும் இடத்தில் அப்படி எடை பார்ப்பவர்கள் இருந்தால் அன்றே விலகிவிடு. பார்க்ரனில் தராசு கிடையாது. அதனாலும்தான் அங்கு போகச் சொல்கிறேன்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்ன ஒரு செய்தி உனக்கும் பயன்படும். 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானியர், பெர்லினில் படகு வலிக்கும் சங்கத்து ஆட்களை முதலில் தனித்தனியாகவும், பிறகு இருவராக ஒரே கம்பியைப் பிடித்தும் எடை தூக்க வைத்துப் பார்த்தாராம். ஒருவர் கை ஓய்ந்தால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது என்று ஆனபோது, வலுக் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவருக்கும் வலுவில் இருந்த வேறுபாடு மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ இருந்தபோது அந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஆகவே முன்னால் பறக்கிறவர்களைப் பார்த்து நீ மலைக்காதே, அவர்கள் உனக்குத் துணை அல்லர். உன்னைவிடக் கொஞ்சம் மட்டும் வேகமான ஒருத்தியைக் கண்டுபிடி. ஆயிரம் பேர் நடுவில் ஒருவரும் உன்னைக் கவனிக்க மாட்டார்கள் என்பது முதல் வாரத்துக்கு நல்லது; ஐந்தாம் வாரத்தில் அதுவே கெடுதல், ஏனென்றால் நீ வராததையும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்க இரண்டு பேரையாவது அதற்குள் பிடித்துக்கொள். உங்கள் தெருவில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, மதுரைக்காரி, இருந்தாளே, அவளைக் கேட்டுப் பார்த்தாயா?

சென்னையிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, எடை கூடிய 578 பேரில் ஒரு பாதியினரை வாரந்தோறும் குழு வகுப்புகளில் உட்கார வைத்து, உணவையும் உடற்பயிற்சியையும் சேர்ந்தே கற்றுக்கொள்ளச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் சேர்த்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி, வழக்கமான அறிவுரையோடு அனுப்பப்பட்டவர்களைவிட இவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 32 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் நம்மைப் போன்றவர்கள், இட்லியும் சோறும் சாப்பிடுகிறவர்கள், நம்மைப் போலவே பெற்றோரிடமிருந்து இந்த நோயை வாங்கி வந்தவர்கள். என் அம்மாவுக்கு, உன் அமுச்சிக்கு, சர்க்கரையால் கால் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். மருத்துவமனையிலிருந்து அவரைத் திரும்ப அழைத்து வந்த நாளில் நீதான் கதவைத் திறந்தாய். பேரன் வயிற்றில் இருந்தபோது விரலைக் குத்திக் குத்திப் பார்த்து நீ குறித்து வைத்திருந்த நோட்டையும் நான் மறக்கவில்லை. பிரசவத்தோடு அது சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். சரியாகிவிட்டதுதான். அத்தை பேசுவது உருவத்தைப் பற்றி. நான் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது உனக்குப் புரிந்தால் போதும்.

எனவே சனிக்கிழமை போ. முதல் நாளே ஓட வேண்டாம். தன்னார்வலராகப் பெயர் கொடுத்து, வந்து சேர்கிறவர்களின் பார்கோடை ஸ்கேன் செய்யும் வேலையைக் கேள். எப்படிப்பட்ட உடம்புகளெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டி வருகின்றன என்பதை ஒரு காலைப் பொழுது நின்று பார். அடுத்த வாரம் நட. உங்கள் நாட்டு மருத்துவச் சேவையே ஒன்பது வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றைச் செயலியாக வைத்திருக்கிறது. ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறித்தான் முதல் வாரம் தொடங்குகிறது. அதை வாரத்தில் மூன்று நாள் செய்ய வேண்டும். தனியாகச் செய்யாதே, மதுரைக்காரியையும் சேர்த்துக்கொள். சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் பேரனை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அவரிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன். நீயே சொல்வதுதான் முறை. ஆனால் சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. மழை என்று சொல்லாதே. அங்கு மழை நிற்கும் வரை காத்திருந்தால் சனிக்கிழமையே வராது.

உன் அண்ணன் அடுத்த மாதம் லண்டன் வரும்போது ராகி மாவும் கம்பும் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கு அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் பழைய அளவுக்கு நல்ல ஓட்டக் காலணி வாங்கலாம் என்று அப்பா கடை வரைக்கும் போய்விட்டார். பிரசவத்துக்குப் பிறகு பாதம் கொஞ்சம் பெரிதாகியிருக்கலாம் என்று சொல்லித் திருப்பி அழைத்தேன். இப்போதைய அளவை எழுது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களை ஆண்டுக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள் என்று அப்போது அந்த நர்ஸ் என்னிடமும் சொன்னாள். அவர்களை 2016இல் தொடங்கிய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் உங்கள் குடும்ப மருத்துவர் சேர்த்துவிட முடியும். அதுவும் ஒன்பது மாதம் குழுவாக நடப்பது, செலவில்லை. இந்த ஆண்டு ரத்தம் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் எண் எவ்வளவு என்று மட்டும் எனக்குத் தெரிவி. கொடுக்கவில்லை என்றால் காலணி அளவை எழுதுவதற்கு முன்னால் அதற்கு நேரம் வாங்கு.