அந்த மடிக்கணினியை இப்போதைக்கு அணைத்து வை

ஜார்ஜ்டவுன்,
பினாங்கு.

அன்புத் தோழிக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்து, காலையில் கோவில் வரை தாமே நடந்து போய் வருகிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மனம் நிறைந்தது. நான் விசாரித்ததாகச் சொல். சின்னவள் எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், மற்றபடி வீட்டில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மடிக்கணினியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து என் நினைப்பெல்லாம் அங்கேயே இருக்கிறது. அது அடிக்கடி அப்படியே நின்றுவிடுவதாகவும், கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ஃபார்மேட் செய்து, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னதாகவும், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கொடுக்காதே. கெடாவிலும் பேராக்கிலும் தோட்டம் தோட்டமாகப் போய் நீ பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும் கும்மிப் பாட்டும் அந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. ஏன் நிற்கிறது என்பது உறுதியாகத் தெரிந்து, உள்ளிருப்பவை வெளியே வந்து சேரும் வரை, யாரும் அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ கூடாது.

நீ புலனத்தில் அனுப்பிய காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்புக்குறி நகர்கிறது, ஆனால் கோப்புறையைத் திறந்தால் வெள்ளைத் திரை மட்டும் வருகிறது. முன் ஓரத்தில் வன்தட்டின் இயக்கத்தைக் காட்டும் சிறு விளக்கு, வழக்கம்போல் மினுக்கிக்கொண்டிருக்காமல், அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒலியைக் கூட்டிவைத்துத் தொலைபேசியைக் காதோடு ஒட்டிக் கேட்டபோது, மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில் ‘டிக்’ என்று மெலிதாக ஒன்று, சற்று இடைவெளி, மீண்டும் ஒரு ‘டிக்’. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, அதுவரை நீ சொடுக்கியவை அனைத்தும் ஒரே மூச்சில் நிறைவேறிச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. மூலையில் இருக்கும் கடிகாரமும் சட்டென்று தாவிச் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கணினி தன் நோயைச் சொல்ல முடியாது.

நின்றுபோவதில் வகைகள் உண்டு. நிற்கும் நேரத்தில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கு மாறவில்லை, அம்புக்குறியும் அசையவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே இடத்தில் இரைச்சலாகச் சிக்கிக்கொண்டது என்றால், ரேம் என்ற தற்காலிக நினைவகம், தாய்ப்பலகை, சூடு, வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். திரை மட்டும் உறைந்து பாட்டு தொடர்ந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது மறுபடி தொடங்கும். உன்னுடையது முதல் வகை. அது காத்திருக்கிறது, காத்திருப்பது வன்தட்டுக்காக.

2017-இல் நீ வாங்கிய அந்தக் கணினியில் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய துண்டு (தரவு பதியும் சிறு பகுதி, செக்டர் என்பார்கள்) தன் கீழே வரும் வரை காத்திருந்தாக வேண்டும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் நல்ல நிலையில் இருக்கும் தட்டே விநாடிக்கு நூறு முறைகூடப் படிக்காது. அந்தத் தட்டில் ஓர் இடம் பழுதானால், வன்தட்டு உடனே முடியவில்லை என்று சொல்லிவிடுவதில்லை. பிழைதிருத்தக் கணக்கை வைத்து மீட்கப் பார்க்கும், முனையைச் சற்றே தள்ளிவைத்துப் பார்க்கும், அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்கும். இப்படிப் பல விநாடிகள் கழியும்போது பின்னால் வரிசையில் நிற்கும் வேண்டுகோள்கள் எல்லாம் தேங்கிவிடுகின்றன. ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் தன் வேலைக்கான தரவையும் தட்டிலேயே இறக்கி வைக்கிறது. உன் கணினியில் இருப்பதோ 4 ஜிகாபைட் ரேம்தான். ஆகவே தட்டு திணறினால் பாட்டுக் கோப்புகள் மட்டுமல்ல, கணினி முழுவதுமே திணறுகிறது.

சூடாக இருக்கலாம் என்று அண்ணன் சொன்னது பொதுவாகப் பொருத்தமான சந்தேகமே. நம் ஊர் ஈரத்திலும் தூசியிலும் காற்றுத் துளைகள் அடைத்துக்கொள்வது சாதாரணம். ஆனால் சூட்டினால் வரும் தொல்லை வேலை ஏறிய பிறகு, மின்விசிறி ஓலமிடும்போது வரும். உன்னுடையதோ காலையில் திறந்த உடனேயே நிற்கிறது. ரேம் பழுதானால் நீலத்திரையும் காரணமற்ற மறுதொடக்கமும் எதிர்பார்க்கலாம். நீ அவற்றைச் சொல்லவில்லை. இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் தட்டின் வேலைப்பளு நூறு விழுக்காடு என்று கணினி காட்டும், ஆனால் ‘டிக்’ என்ற ஒலி வராது.

1972-இல் இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணு ஆலைகள் வரத் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்த அக்காமாரிடம்தான் நான் பழுதாய்வுத் தொழிலைக் கற்றேன் என்பது உனக்குத் தெரியும். பழுதான சில்லு கைக்கு வந்தால் முதலில் வெளிப்பார்வை, பிறகு எக்ஸ்ரே, பிறகு மின்னளவு. இவை எல்லாம் முடிந்து குறித்துவைத்த பின்புதான் அமிலம் ஊற்றி மேலுறையைத் திறப்பார்கள், ஏனென்றால் திறந்ததை மறுபடி மூட முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், இதைச் செய்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்று கேட்காமல் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். ஃபார்மேட் என்ற யோசனையை அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் மறுக்கிறேன். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். மென்பொருள் கோளாறாக இருந்தால் அது சரியான மருந்துதான். ஆனால் தேய்ந்த தட்டை ஃபார்மேட் ஆற்றாது. பாட்டுகளும் போய், சில வாரங்களில் கணினி மறுபடியும் நிற்கும்.

என் கணிப்பைச் சரிபார்க்க ஒரே ஒரு முறை கணினியை இயக்கச் சொல்கிறேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை உன் மகனின் கணினியில் இறக்கி, நிறுவத் தேவையில்லாத வகையை பென்டிரைவில் போட்டுக்கொள். அதை அங்கிருந்தே ஓட்டினால் வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். 05 என்ற வரி, பழுதானதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை. நான் அஞ்சுவது இதைத்தான். இது பூச்சியமாக இருக்க வேண்டும். அந்த மென்பொருள் வழக்கமாக எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், ஆகவே 10 என்று இருந்தால் 16 என்று பொருள். நீயே கணக்குப் பார்க்காமல் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிடு. முடிந்தால் விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டையும் திறந்து பார். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண் கொண்ட பதிவுகள், கணினி நின்ற அதே நேரங்களில் இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. ஏழு என்பது பழுதான துண்டைக் கண்டதற்கான பதிவு, 153 என்பது படிக்கும் முயற்சியைத் திரும்பச் செய்ததற்கான பதிவு. பார்த்ததும் அணைத்துவிடு.

யாராவது வந்து, தட்டைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் ஓட்டலாம் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல். முழுச் சோதனை வகை தட்டின் ஒவ்வொரு துண்டையும் மணிக்கணக்கில் படிப்பதோடு கோப்புப் பட்டியலையும் திருத்தி எழுதும்; சாகக் கிடக்கும் தட்டின் எஞ்சிய ஆயுளை அதற்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை. வன்தட்டைக் கழற்றிப் பனிப்பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே எடுத்த மறுகணம் நம் காற்றின் ஈரம் அதில் வியர்த்துவிடும். அதைச் செய்யாதே. எல்லாக் கோப்புகளையும் மொத்தமாகத் தேர்ந்து வெளித்தட்டுக்கு நகலெடுப்பதும் இந்த நிலையில் நல்ல வழியன்று, ஏனென்றால் விண்டோஸ் ஒரே ஒரு பழுதான துண்டில் சிக்கி நின்றுவிடும், அந்தக் கோப்பை அப்படியே கைவிட்டும் விடும்.

இதற்கென்றே டிடிரெஸ்கியூ என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை பென்டிரைவிலிருந்து ஓட்டி, உன் தட்டில் எதையும் எழுதாமல், அதன் முழுப் பிரதியை வேறொரு தட்டில் எடுக்கலாம். அது முதலில் எளிதாகப் படிக்க வரும் பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பிவந்து சிறு சிறு துண்டாக முயலும். எதுவரை முடித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பாட்டுகள் கெட்டுப்போயிருக்குமோ என்று நீ கலங்கி எழுதியிருந்தாய். அதற்காகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ வேவ் வடிவில், விநாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரு தடம் என்று பதிந்திருக்கிறாய். அப்படியானால் ஒரு விநாடி ஒலிக்கு 1,76,400 பைட் ஆகும், ஒரு மணி நேரத்துக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல். இக்கால வன்தட்டுகளில் ஒரு துண்டு 4096 பைட். ஒரு துண்டு மீளாமலே போனாலும், பாட்டில் தொலைவது ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். அம்மா பாடிய தாலாட்டில் எங்கோ ஒரு சிறு ‘டப்’ கேட்கும். சொல்லும் இராகமும் அப்படியே இருக்கும். பழுது கோப்புப் பட்டியலின்மேல் விழுந்திருந்தால் தேடி எடுப்பதற்கு வேலை கூடும், ஆனால் ஒலி அங்கேதான் இருக்கும். மெல்லிய ‘டிக்’ ஒலி இடைவிடாத ‘கடக் கடக்’ என்று மாறினால் மட்டும் நாம் யாரும் தொடக்கூடாது. தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், செலவு எவ்வளவானாலும்.

கணினியை என்ன செய்வது என்பது அடுத்த கவலைதான். வன்தட்டுக்குப் பதிலாக, சில்லுகளில் தரவை வைக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், இன்னொரு 4 ஜிகாபைட் ரேமும் போட்டால் அது உன் எழுத்து வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். சுழலும் தட்டு இல்லாததால் வேகத்தில் வேறு கணினி போலவே தோன்றும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது, உன் கணினியில் இருக்கும் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகையால் வங்கிக் கணக்கு, அரசாங்கப் பாரங்கள் எல்லாம் மகனின் கணினியில் இருக்கட்டும். இதில் உபுண்டுவைப் போட்டுப் பாட்டுகளைக் கேட்டு எழுதும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள் என்பது என் எண்ணம். பாட்டுகளுக்கு இனி ஒரே வீடு கூடாது. ஒரு பிரதி உன்னிடம், ஒரு பிரதி இணையச் சேமிப்பில், ஒரு பிரதி இங்கே என் அலமாரியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. அலமாரிப் பிரதியைச் சுழலும் தட்டில்தான் வைப்பேன். மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டி தரவை இழக்கக்கூடும்.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்குப் போகும்போது 2 டெராபைட் வெளித்தட்டு ஒன்று வாங்கிவை. உன் தட்டு 1 டெராபைட் என்பதால் பிரதி எடுத்த பிறகும் கோப்புகளைப் பிரித்தெடுக்க இடம் வேண்டும். எஸ்எஸ்டியை இப்போது வாங்காதே, அதைச் சேர்ந்து பார்த்து வாங்கலாம். தோட்டங்களுக்குக் கொண்டுபோன பதிவுக் கருவியின் எஸ்டி அட்டைகளைத் தேடி எடு. அழித்துவிட்டதாக நினைக்கும் அட்டையில்கூடப் பழைய பதிவு மீளக்கூடும், அதன்மேல் புதிதாக எதுவும் பதியாமல் இருந்தால். அடுத்த வார இறுதியில் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் வருகிறேன். நல்ல தட்டே முழுவதும் படித்து முடிக்க மூன்று மணி நேரம் போல் ஆகும், இதற்கு ஓர் இரவு முழுவதும் பிடிக்கலாம். ஆகவே உன் வீட்டில் தங்குவேன் என்று அண்ணனிடம் சொல்லிவிடு. சி5 வரியின் படத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு; தட்டைக் கணினியிலேயே வைத்துப் படிப்பதா, கழற்றித் தனி இணைப்பியில் போட்டுப் படிப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்து, அதற்குத் தகுந்த சாமான்களை எடுத்துவர வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி.