அந்த இரண்டு பொத்தான்கள் எவை?

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கு,

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு சிறிய ஊரில் முப்பது வருஷமாக ஆடியோ செட் பழுது பார்க்கிறவன் எழுதுகிறேன். செட் தனக்கு என்ன கோளாறு என்று எழுதி வைத்திருக்கும் குறிப்பைத் திறக்க முகப்பில் இரண்டு பொத்தான்கள் உண்டு; அவை எவை என்று கம்பெனிகளைச் சொல்ல வைக்கக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரு சால்டரிங் அயர்ன், இரண்டு மல்டிமீட்டர், சுவரில் 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு. இதுதான் என் முதலீடு. 4440 ஐசி போட்ட அசெம்பிள் செட்டில் தொடங்கி, எஸ்டிகே ஐசி, மினி ஹைஃபை, இப்போது சினிமா சத்தத்தைப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் ஏவி ரிசீவர் வரை இந்த மேசையில் பார்த்தாயிற்று.

சென்ற ஆவணியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆட்டோவில் வந்திறங்கினார். மடியில் ஒரு ஏழு சேனல் ரிசீவர். “தம்பி, ஆன் பண்ணா மூணு செகண்ட் நிக்குது, அப்புறம் தானா அணைஞ்சுடுது. கம்பெனி சர்வீஸ்ல காட்டினேன். மெயின் போர்டு போச்சாம், அந்த போர்டு இப்ப வர்றதில்லையாம், புதுசு வாங்கிக்கங்கன்னுட்டாங்க.” கழற்றிப் பார்த்தார்களா சார் என்றேன். “இல்லப்பா, கவுண்டர்லயே சொல்லிட்டாங்க.”

சீரிஸ் போர்டில், அதாவது கரண்ட் அந்தப் பல்பு வழியாகவே போகும்படி, போட்டேன். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கியது. உள்ளே பெரிய ஷார்ட் எதுவும் இல்லை என்று அர்த்தம். இருந்திருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரியும். பல்பு இல்லாமல் நேரடியாகக் கரண்ட் கொடுத்துக் காதை வைத்தேன். ஸ்பீக்கரைச் செட்டோடு சேர்க்கும் ஸ்விட்சான ரிலே ‘டிக்’ என்று விழ வேண்டும். விழவில்லை. மூன்று எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது.

இந்த மாதிரி செட்டுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவுட்புட்டில் டிசி, அதாவது ஸ்பீக்கரைக் கருக்கிவிடும் ஒரே திசை மின்சாரம், வருகிறதா, கரண்ட் அதிகம் இழுக்கிறதா, சூட்டைத் தணிக்கும் உலோகமான ஹீட்சிங்க் கொதிக்கிறதா, உள்ளே போகும் சின்னச் சின்ன வோல்டேஜ்கள் சரியாக இருக்கின்றனவா என்று மைக்ரோ கன்ட்ரோலர் என்ற சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று தப்பினாலும் செட்டை அணைத்துவிடும். அதோடு, ஏன் அணைத்தேன் என்பதைத் தன் நினைவிலும் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைப் படிக்க, முகப்பில் குறிப்பிட்ட இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரைப் போட வேண்டும். எந்த இரண்டு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சர்வீஸ் மேனுவல் எங்கள் கைக்கு வராது.

மதுரையில் ஒரு நண்பர் இருக்கிறார். கிடைத்த மேனுவல்களை ஜெராக்ஸ் எடுத்து, மாடல் வாரியாகப் பொத்தான்களின் பெயரை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அந்த மாடல் இல்லை, அதற்கு முந்தையது இருக்கிறது என்றார். முயற்சி செய்தேன். திறந்துகொண்டது.

திரையில் வந்தது பவர் சப்ளை புரொடெக்‌ஷன். அதாவது அந்தச் சின்ன வோல்டேஜ்களில் ஒன்று சரியில்லை. டிசி இல்லை, ஓவர் கரண்ட் இல்லை. இந்த ஒரு வரியின் மதிப்பு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏழு சேனல் என்றால் சேனலுக்கு இரண்டாகப் பதினான்கு பவர் டிரான்சிஸ்டர். இந்த வரி தெரியாவிட்டால் ஹீட்சிங்கைக் கழற்றி, பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பாதியை ஈயம் உருக்கி எடுத்துச் சோதித்து, கடைசியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போகும். கழற்றி மாட்டியதில் சரியாக ஒட்டாத டிரை சால்டர் ஒன்றும் புதிதாகச் சேர்ந்திருக்கும். வரி தெரிந்ததால் நேராகச் சப்ளை பக்கம் போனேன். மைனஸ் 12 வோல்ட் லைனில் ஃபியூஸ் போல அறுந்து காக்கும் ஃபியூசிபிள் ரெசிஸ்டர் ஒன்று ஓப்பன். அதற்குப் பின்னால் இருந்த கெபாசிட்டர் லீக் ஆகி அதைக் காவு வாங்கியிருக்கிறது. இரண்டையும் மாற்றினேன். நாற்பது நிமிஷம், 600 ரூபாய். ‘டிக்’ சத்தம் கேட்டதும் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தீர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென இணையதளம் தொடங்கினீர்கள். கைப்பேசி, மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு, அதாவது எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண், வேண்டும் என்று உங்கள் இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கையும் தந்திருக்கிறது. எவ்வளவு எளிதாகக் கழற்றலாம், உதிரி பாகம் கிடைக்கிறதா, கருவிகள், திருகாணிகள் என்று அது பார்க்கச் சொல்லும் அளவுகோல்களில் ‘பழுதுபார்ப்புத் தகவல்’ என்பதும் ஒன்று. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதலில் கைப்பேசியும் டேப்லெட்டும் என்கிறீர்கள், சரி. ஸ்டீரியோவுக்கு வரும்போது தகவல் என்றால் எது? படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ‘செட் வேலை செய்யாவிட்டால் பிளக் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று எழுதிவிட்டால் அது தகவல் ஆகிவிடுமா? செட்டே தனக்கு என்ன நோய் என்று சொல்கிற பக்கத்தைத் திறக்கும் வழி, அதில் வரும் குறிகளின் பொருள், இவை இரண்டும் இல்லாமல் எந்த ஸ்டீரியோவுக்கும் அந்த அளவுகோலில் மதிப்பெண் போடாதீர்கள்.

இது கேட்கக் கூடாத பெரிய வரம் ஒன்றும் இல்லை. வாஷிங் மெஷின் வாங்கினால் கூடவே வரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு குறி, கதவு சரியாக மூடவில்லை என்றால் ஒரு குறி, அட்டவணை போட்டு அச்சடித்திருக்கிறார்கள். அதே மாதிரி குறிகள் ஸ்டீரியோவிலும் உண்டு. பானாசோனிக் மினி செட் பலவற்றில் ‘எஃப்61’ வந்தால் பவர் ஆம்ப் அவுட்புட்டில் கோளாறு. ‘எஃப்76’ வந்தால் சப்ளை வோல்டேஜில் கோளாறு. யமஹா ரிசீவர்களின் சோதனை மெனுவில் டிசி, பிஎஸ், ஐ, டிஎம்பி என்று வரும்: டிசி கசிவு, சப்ளை, ஓவர் கரண்ட், சூடு. என்னைப் போன்றவனுக்கு இதெல்லாம் மனப்பாடம். செட்டை வாங்கியவருக்கு? அவர் பார்ப்பது ‘ப்ரொடெக்ட்’ என்று கண்ணைச் சிமிட்டும் ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு ‘போர்டு போச்சு’ என்று யார் பொருள் சொன்னாலும் அவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

ப்ரொடெக்டில் வரும் செட்டுகளில் எத்தனையோ உள்ளே கோளாறே இல்லாதவை. ஸ்பீக்கர் வயரின் ஒரு செம்பு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு வெறும் செட்டை ஆன் செய்து பாருங்கள். நின்றால் கோளாறு வெளியே. மீட்டர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 6 காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் அது ஷார்ட். மினி செட்டுகளில் இன்னொன்று, பின்னால் இருக்கும் ஃபேன். தூசி அடைத்து நின்றுபோனால் செட் சூடாகிக் காவல்காரன் விழித்துக்கொள்வான். பெயின்ட் பிரஷ் இருந்தால் போதும். இந்த இரண்டுக்காக மட்டும் வெளியூர் போய் வந்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். காசு வாங்க எனக்கே மனசு வராது. டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

கம்பெனிகள் உங்களிடம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆபத்து என்பார்கள். உள்ளே உயர் வோல்டேஜ் இருக்கிறது, தெரியாதவர்கள் கை வைத்தால் விபத்து என்பார்கள். பொய் இல்லை. பவரை எடுத்த பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் முகப்பில் இரண்டு பொத்தானை அழுத்தித் திரையைப் படிக்க மூடியின் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம். தகவல் இல்லாதபோதுதான் மூடியைக் கழற்றுகிறோம், கண்ணை மூடிக்கொண்டு துழாவுகிறோம்.

துழாவினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. தொழிலில் பத்து வருஷம் ஓடிய திமிர் இருந்த காலம். ஒரு செட் ப்ரொடெக்டில் நின்றது. மேனுவல் இல்லை, சோதனை மெனு இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. ரிலேதான் போய்விட்டது என்று முடிவு கட்டி, ரிலேயின் இரண்டு காலையும் ஒரு வயர்த் துண்டால் சேர்த்துச் சால்டர் வைத்தேன். ரிலே நன்றாகத்தான் இருந்தது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகி, 38 வோல்ட் டிசி நேரே வாசலில் நின்றிருக்கிறது. ரிலே அதை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது; நான் கதவைத் திறந்துவிட்டேன். ஸ்பீக்கருக்குள் இருக்கும் 6 ஓம் காயிலில் 38 வோல்ட் என்றால் 240 வாட். பாட்டாக அல்ல, அத்தனையும் சூடாக. வூஃபர் கோன் ‘தொப்’பென்று முன்னால் தள்ளி அப்படியே நின்றது. பிறகு வார்னிஷ் கருகும் வாசம். ஸ்விட்சை எட்டிப் பிடிப்பதற்குள் காயில் கரியாகிவிட்டது. இத்தனைக்கும் ஸ்பீக்கர் வாடிக்கையாளருடையது. கோயம்புத்தூருக்கு அனுப்பி என் செலவில் காயில் கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு ‘டிசி’ என்ற இரண்டெழுத்து என் கண்ணில் பட்டிருந்தால் வயர்த் துண்டைத் தொட்டிருக்க மாட்டேன்.

அதற்காகச் சோதனை மெனுவில் இருக்கும் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. சில செட்டில் காவலை நிறுத்தி வைத்து ஆன் செய்யும் வழி உண்டு. சிலவற்றில் நாடு மாற்றும் செட்டிங் உண்டு. தெரியாமல் தொட்டால் எஃப்எம் ஸ்டேஷன் தேடும் படிகள் மாறிப் பாதி ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காது. நினைவகத்தை அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதும் உண்டு. இவை மெக்கானிக்குக்கு, எச்சரிக்கையோடு. படிக்க மட்டும் உள்ள பக்கம், அதாவது எதனால் அணைந்தது என்ற குறிப்பு, செட்டுக்குக் காசு கொடுத்தவருக்கு. கோடு எங்கே போடுவது என்று கம்பெனிப் பொறியாளர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

சிடி பற்றியும் சொல்ல வேண்டும், இதில் குற்றம் எங்கள் பக்கம். சிடி படிக்கவில்லை என்றால் ‘லென்ஸ் வீக்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து புது லென்ஸ் வரவழைத்து மாட்டுவோம். அதன் போர்டில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். மாட்டிய பிறகு அதை எடுக்க மறந்து, புது லென்ஸும் படிக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. சிடி மெக்கானிசத்துக்குச் சோதனை மெனு உள்ள செட்டில் லேசரை மட்டும் எரியவிடலாம், ஃபோகஸ் தேடுகிறதா என்று பார்க்கலாம், லென்ஸ் இருக்கும் தலையை உள்ளும் வெளியும் நகர்த்திப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் பல சமயம் லென்ஸ் நன்றாக இருக்கும். சுழற்றும் மோட்டார் தளர்ந்திருக்கும், அல்லது கிரீஸ் காய்ந்து தலை நகராமல் நிற்கும். பொத்தான் தெரியாததால் எத்தனை நல்ல லென்ஸைக் குப்பையில் போட்டிருப்பேன் என்று கணக்குப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றனவே, அந்தக் கழிவின் ஒரு பங்கு இப்படித்தான் பிறக்கிறது.

வெளிநாட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்ப்புக்கு ஒரு சட்டம் செய்தது. அதன் பட்டியலில் வெல்டிங் கருவிகூட இருக்கிறது, ஸ்டீரியோ இல்லை. கலிஃபோர்னியா சட்டம் பரவாயில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அது ரேடியோ, ஆடியோ கருவிகளையும் சேர்த்துக்கொண்டு, 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருளுக்குக் கடைசியாகத் தயாரித்த நாளிலிருந்து ஏழு வருஷம் ஆவணமும் பாகமும் கருவியும் தர வேண்டும் என்கிறது. நம் வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஏழு வருஷத்தில் ஓய்வு பெறுவதில்லை. அப்பா வாங்கியதை மகன் கேட்கிற ஊர் இது.

என் அப்பா காலத்து வால்வு ரேடியோக்கள் சிலவற்றின் பின் அட்டையைக் கழற்றினால் உள்ளே வயரிங் படம் ஒட்டியிருக்கும். எந்த வால்வு எங்கே என்று எண் போட்டிருக்கும். அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. உள்ளங்கை அகலத் தாள் ஒன்று. அதில் மாடல் பெயர், எந்த இரண்டு பொத்தான், வரும் குறிகளும் அவற்றின் பொருளும், தமிழிலும் இருந்தால் நல்லது. செட்டின் அடியில் ஒட்டச் சொல்லுங்கள். இனி வரும் செட்டுக்கு மட்டும் என்று நிறுத்தாமல், விற்று முடித்த மாடல்களுக்கும் உங்கள் இணையதளத்தில் போட வையுங்கள். அந்த மாடல்களால் இனி அவர்களுக்கு வியாபாரமும் இல்லை, ரகசியமும் இல்லை.

இதை எழுதும் மேசையின் ஓரத்தில் ஒரு மினி செட் கிடக்கிறது. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுடையது. ஆன் செய்தால் ‘ப்ரொடெக்ட்’. மதுரை நோட்டில் இந்த மாடலும் இல்லை, இதற்கு முந்தையதும் இல்லை. ஐந்து வெள்ளிக்கிழமையாக அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பேச மாட்டேங்குதா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்