ஸ்டொப்பும் ரிமெம்பரும் அந்தப் பட்டியலில் சேராது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் மாணவர் பக்கத்தில், சாதாரண தர ஆங்கிலக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. சில ஆங்கில வினைகளுக்குப் பின்னால் வரும் வினைக்கு ‘இங்’ (-ing) போட்டாலும் ‘டு’ (to) போட்டாலும் பொருள் ஒன்றுதானாம். கீழே பட்டியல்: பிகின், ஸ்டார்ட், லைக், ஸ்டொப், ரிமெம்பர், ஃபொகெட். முதல் மூன்றுக்கும் அது பெரும்பாலும் சரி. மற்ற மூன்றுக்கும் முழுப் பிழை.

‘ஹீ ஸ்டொப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் அவர் புகைப்பதை விட்டுவிட்டார். ‘ஹீ ஸ்டொப்ட் டு ஸ்மோக்’ என்றால் போகிற வழியில் நின்று சிகரெட் பற்றவைத்தார். இதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது?

கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் நெடுங்காலம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். என்னிடம் படித்த ஒரு பையன், ரியூட்டரிப் பட்டியல்களையும் நம்பிப் பாடமாக்கியவன், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனான். அப்பாவுக்குச் சுகமில்லாததால் முந்திய வேலையை விட்டேன் என்று சொல்ல வந்தவன், ‘ஐ ஸ்டொப்ட் டு வேர்க்’ என்றான். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டி, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாராம். அவன் தலைகுனிந்து வந்து என்னிடம் சொன்னான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், இந்த வேறுபாடு நம் பிள்ளைகளுக்குப் புதிதே இல்லை. ‘கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது’, ‘கதவைப் பூட்ட ஞாபகம் வைத்திரு’ என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். முதலாவது நடந்து முடிந்தது, இரண்டாவது இனி நடக்க வேண்டியது என்று பின்வாங்கில் இருக்கும் பிள்ளையும் சொல்லும். அப்புறம் ‘ரிமெம்பர் லொக்கிங்’, ‘ரிமெம்பர் டு லொக்’ என்று பக்கத்தில் எழுதினால் போதும். தமிழ் இடறும் இடமும் உண்டு. ‘நீந்த விருப்பம்’, ‘நீந்த வேணும்’ என்று இரண்டுக்கும் ஒரே உருவத்தைச் சொல்லிப் பழகியதால்தான் பிள்ளைகள் ‘என்ஜாய் டு ஸ்விம்’ என்று எழுதுகிறார்கள். என்ஜாய், ஃபினிஷ், அவொய்ட் மூன்றுக்கும் ‘இங்’ மட்டும். வோன்ட், டிசைட், ஹோப் மூன்றுக்கும் ‘டு’ மட்டும். இவற்றை வாக்கியமாகச் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும், சரி. ஆனால் இன், ஒஃப், வித்தவுட் போன்ற முன்னிடைச் சொல்லுக்குப் பின் ‘இங்’ வரும் என்பது ஒரே விதி. ‘லுக் ஃபோவர்ட் டு’வில் உள்ள ‘டு’வும் அந்த இனம்தான். அதனால்தான் ‘லுக் ஃபோவர்ட் டு மீட்டிங் யூ’. தங்கள் குறிப்பில் இது ஒரு வரிகூட இல்லை.

வெள்ளவத்தையில் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றப்பணம் வாங்குகிற இடங்களை நான் அறிவேன். விளக்கம் கேட்க வாய் திறக்க முடியாத பிள்ளை பட்டியலைப் பாடமாக்காமல் வேறு என்ன செய்யும்? அந்த இடங்களின் விளம்பரங்கள் தங்கள் பத்திரிகையில் அரைப்பக்கம் வருகின்றன. ஆங்கிலப் பாடம் கால்பக்கமாகச் சுருங்கிவிட்டது. மாதிரி வினாத்தாள் ஒன்றில் முன்பு விடைகள் மாறி அச்சானபோதும் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

1987இல் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது. ஆனால் உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருந்தும், அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. ஆகவே பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத, நல்ல ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை தங்கள் பக்கம்தான். அதையும் இப்படிப் பிழையாகக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பல காலமாகத் தங்கள் பத்திரிகையை வீட்டுக்கு எடுப்பித்து வாசிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஸ்டொப், ரிமெம்பர், ஃபொகெட் மூன்றையும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் திருத்தம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரண வாக்கியங்கள், தமிழ் விளக்கத்தோடு. எழுதித் தர ஆள் இல்லையென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை,
கொழும்பு 13