மென்பொருள் வாங்கும் முன் ஒருமுறை ஸ்டோருக்கு வாருங்கள்

பினாங்கில் மளிகை, மசாலா மொத்த வியாபாரம் செய்யும் நம் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். நான் 22 வருடமாக இந்தத் தொழிலில் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்குக் கணக்கர். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் பின்கட்டில் ஆரம்பித்து, இப்போது பிறையில் ஒரு கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன். கொஞ்ச காலமாக உங்களில் யாரைப் பார்த்தாலும் இஆர்பி (ERP) மென்பொருள் பேச்சுதான். பழைய கணக்கு சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்தில் கொண்டுவரப் போகிறோம் என்கிறீர்கள். நல்லது, செய்யுங்கள், செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் நானும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த வேலை எப்படிக் கெடும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

அவசரம் எதனால் என்று புரிகிறது. பில்லை மின்னணு முறையில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற இ-இன்வாய்ஸ் விதி 2024 ஆகஸ்ட் 1 அன்று 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2025 ஜூலையில் 50 லட்சத்துக்கு மேல், 2026 ஜனவரியில் 10 லட்சத்துக்கு மேல் என்று படிப்படியாக நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் அது மட்டும்தான் கவலை என்றால் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்திலேயே காசில்லாமல் பில் போட முடியும், அதற்காக லட்சக்கணக்கில் செலவழித்து இஆர்பி வாங்கத் தேவையில்லை. விற்பனைக்கு வருகிறவர்கள் இதை முதலில் சொல்வதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிஸ்டம் வந்தது, கணினி வந்தது, இரண்டு நாள் பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது, மூட்டை இறக்கும் பையன்களையும் லோரி ஓட்டுகிறவர்களையும் யாரும் கூப்பிடவில்லை. பழைய பட்டியலை அப்படியே எக்செல்லில் இருந்து இறக்கினார்கள். அந்தப் பட்டியலில் காய்ந்த மிளகாய் ஆறு பெயரில் இருந்தது: மிளகாய் வற்றல், காய்ந்த மிளகாய், சிலி கெரிங், டிரை சில்லி, அப்புறம் சப்ளையர் பெயரோடு ஒன்று, யாரோ தட்டச்சுப் பிழையோடு போட்டது ஒன்று. மூட்டை என்றால் சிலவற்றுக்கு 25 கிலோ, சிலவற்றுக்கு 50 கிலோ, அது எங்கள் தலையில்தான் இருந்தது, பட்டியலில் இல்லை. முதல் வாரமே கொத்தமல்லி இருப்பு பூஜ்யம் என்று திரை சொன்னது. என் கண் முன்னால் 80 மூட்டை அடுக்கி இருந்தது. பில் போட முடியவில்லை, கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் சரக்கு எடுக்க வந்த கடைக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். கடைசியில் பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதினோம், அதைச் சிஸ்டத்தில் ஏற்றி முடிக்க மூன்று மாதம் ஆனது. "ஸ்டோர் ஆட்களுக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று கூட்டத்தில் பேசினார்கள். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

மிளகாய்க்கு ஆறு பெயர் இருப்பதைச் சொல்ல எங்களால் முடிந்திருக்கும். கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் உட்கார்ந்து சரிசெய்திருப்போம்.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் வந்து நிற்கும். சரக்கு வரவு போட வேண்டுமானால் சிஸ்டம் கொள்முதல் ஆர்டர் எண்ணைக் கேட்கும். அந்த ஆர்டர் எங்கே இருந்தது? முதலாளியின் வாட்ஸ்அப்பில். சென்னையில் உள்ள சப்ளையரிடம் நள்ளிரவில் பேசி விலை முடித்து "சரி அனுப்புங்க" என்று ஒரு வரி போட்டிருப்பார், அவ்வளவுதான். வரவு ஏறாமல் இருப்பு ஏறாது, இருப்பு ஏறாமல் விற்க முடியாது. முதலாளிமார்களே, புதிய சிஸ்டத்தில் முதலில் பழக்கம் மாற வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்காக "இந்த ஒரு இடத்தில் மட்டும் விதிவிலக்கு வையுங்கள்" என்று மென்பொருளை வளைக்கச் சொன்னால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட்டைப் பாருங்கள். இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம், அவர்கள் வாங்கிய எஸ்ஏபி (SAP) இஆர்பி மென்பொருளோ சில்லறை விலையை வைத்து ஓடுவது. வழக்கத்தை விடாமல் மென்பொருளைத் திருத்திக்கொண்டே போய், ஏழு வருடம் கழித்து 2018இல் திட்டத்தையே கைவிட்டார்கள். ஏறக்குறைய 50 கோடி யூரோ போனதாகச் செய்திகள் வந்தன.

ஒரு வரவை நடந்த இடத்தில், நடந்த நேரத்தில், ஒரே ஒருமுறை எழுதினால் அது போக வேண்டிய எல்லாக் கணக்குக்கும் போய்ச் சேரும் என்பதுதான் இஆர்பி. இது நமக்குப் புதிதும் இல்லை. பினாங்கு வீதியில், வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் கணக்கு எழுதிய செட்டியார்கள் அன்றாடக் குறிப்பை நாள் தவறாமல் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை போட்டவர்கள். அந்த ஒழுங்கு இருந்தால் எந்த சிஸ்டமும் ஓடும்.

புதிய சிஸ்டத்துக்கு மாறும் தேதியையும் யோசித்து வையுங்கள். 1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி, மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியும் நேரத்துக்குச் சற்று முன்பு ஜூலையில் புதிய சிஸ்டத்துக்கு மாறியது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் 10 கோடி டாலருக்கு மேலான ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. நமக்கு ஹாலோவீன் என்றால் தீபாவளி. ஜனவரி 1 கணக்குக்கு வசதி என்று ஆடிட்டர் சொல்வார், ஆனால் அதன் பின்னாலேயே பொங்கலும் தண்ணீர்மலைத் தைப்பூசமும் வருகின்றன, அந்த வாரங்களில் தேங்காய்க்கும் வெல்லத்துக்கும் லோரி போதாது. தைப்பூசம் முடிந்து சரக்கு மெலிந்து கிடக்கும் வாரத்தில் மாறுங்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் கடையை மூடி, ஒவ்வொரு மூட்டையையும் எண்ணித் தொடக்க இருப்பைப் போடுங்கள். இரண்டு நாள் வியாபாரம் போகும், போகட்டும்.

கடைக்காரர்களின் வரி எண்ணையும் இப்போதே வாங்கத் தொடங்குங்கள். ஒரு எண் தப்பானாலும் இ-இன்வாய்ஸ் ஏறாது. ஏறிய பிறகு பிழை தெரிந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம்தான். பயிற்சியைத் தமிழிலும் மலாயிலும் நடத்தச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த முறை மென்பொருள் விற்பவர் வந்தால் அவரை ஏர்கான் அறையில் உட்காரவைக்க வேண்டாம். காலை ஏழரைக்குக் கிடங்கு திறக்கும்போது நீங்களும் கூட வாருங்கள், கண்டெய்னர் வரும் நாளாகப் பார்த்து வாருங்கள். எங்கள் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகங்களை அவர் முன்னால் பிரித்துக் காட்டுகிறோம். அதில் இருப்பதையெல்லாம் அவருடைய சிஸ்டத்தில் எங்கே எழுதுவது என்று அவர் எங்களுக்குக் காட்டட்டும்.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு ஸ்டோர் கிராணி