பேனல் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கு

கானாடுகாத்தான்,
புரட்டாசி 20.

அன்புள்ள வயிரவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்ததை வீட்டில் வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே பெரிய வீட்டில் இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்றும் வேலை அப்படியே நிற்கிறது. பங்காளிகளில் ஒருவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. நான் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தோடு அனுப்புவதற்காகப் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கியிருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரவில் விளக்கு, நடப்பவர்களின் செல்போனுக்குச் சார்ஜ், இன்சுலின் வைக்கச் சின்ன ஃபிரிட்ஜ், எல்லாமே சூரிய மின்சாரத்தில். எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் பேனலுக்கு விலை பேசி முடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதே. என் தோட்டத்து வீட்டில் நடந்ததை முதலில் கேள்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் பேனலைத்தான் முதலில் வாங்கினேன். 335 வாட் பேனல் ஒன்று, 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய பேட்டரி ஒன்று. பொருத்திக் கொடுத்தவர், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைக் கூரைக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து பேட்டரி வரைக்கும் பத்து மீட்டருக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே இழுத்துவிட்டார். சித்திரை மாதம். இரவு இரண்டு மணிக்கு விசிறி நின்றுவிடும். வீட்டில் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க வெயில் கொளுத்துகிறதே, மின்சாரம் எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் மீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கன்ட்ரோலர் முனையில் 14.4 வோல்ட். பேட்டரி முனையில் 13. வயரிலேயே ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்துபோகிறது. கன்ட்ரோலரோ பேட்டரி நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சார்ஜைக் குறைத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று இருந்தது. அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. கன்ட்ரோலர் மலிவான பிடபிள்யூஎம் வகை. அது ஆம்பியரை மட்டும் உள்ளே விட்டு, மிஞ்சிய வோல்ட்டைப் பயன்படாமல் விட்டுவிடும். ஒன்பதை 13 வோல்ட்டால் பெருக்கிப் பார். 335 வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு 117 வாட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

எம்பிபிடி கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தேன். அது மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது. கூரையிலிருந்து இப்போது வயரில் ஓடுவது 37 வோல்ட் என்பதால் அதே ஒன்றரை வோல்ட் இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. பேனலும் அதேதான், வெயிலும் அதேதான், உச்சி வேளையில் 270 வாட் வருகிறது. ஆனால் பேட்டரியைக் காப்பாற்ற முடியவில்லை. மாதக்கணக்காக அரைவயிற்றில் கிடந்த ஈய பேட்டரி பிறகு தேறாது. அது இருந்த இடத்தில் ஆத்தங்குடிக் கல்லில் அமிலம் பட்டு வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கிறது. சிமெண்டுக் கல்லல்லவா, தேங்காய் எண்ணெய் போட்டு எத்தனை முறை துடைத்தும் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஒரு நோட்டு வாங்கு. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நம் ஐயாக்கள் பேரேடு எழுதாமல் ஒரு ரூபாய் வெளியே விட்டிருப்பார்களா? எந்தச் சாமான், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுது. என் வீட்டுக் கணக்கு இது: ஒன்பது வாட் விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம், 135. குறைவாக மின்சாரம் இழுக்கும் பிஎல்டிசி விசிறி இரண்டு, முப்பது வாட் வீதம் பத்து மணி நேரம், 600. செல்போனும் ரேடியோவும் 40. ஆக 775 வாட்-மணி. பழைய விசிறியாக இருந்தால் அது மட்டுமே 1,400க்கு மேல் போயிருக்கும். இரண்டு விசிறி மாற்றிய செலவு இன்னொரு பேட்டரியின் செலவைத் தவிர்த்தது.

உன் வேனுக்கு நானே போட்டுப் பார்த்தேன். 45 வாட் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் பாதி நேரமாவது ஓடும், 540. முப்பது செல்போன், 450. விளக்குக்கும் ஒரு சின்ன விசிறிக்கும் 200. ஏறத்தாழ 1,200. நல்ல வெயிலில் 400 வாட் பேனல் இதைத் தந்துவிடும். ஆனால் நடைக்கூட்டம் உச்சிப்பொழுதில் எங்கே தங்கும்? புளியமரத்தடியில். வேனும் அங்கேதான் நிற்கும். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முழு நிழலில் ஒன்றுமே தேறாது. ஆகவே ஒரு பேனலைக் கூரையில் வை, மற்றொன்றை நீள வயரோடு கழற்றி வெயிலில் சாய்த்து வைக்கும்படி செய். எஞ்சின் ஓடும்போது வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் சார்ஜ் ஏற வேண்டும். அதற்கென்று உள்ள டிசி-டிசி சார்ஜர் வழியாகத்தான் ஏற வேண்டும். லித்தியம் பேட்டரியை நேராகக் கோத்தால் அது அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரையே எரித்துவிடும். 30 ஆம்பியர் சார்ஜர் இரண்டு மணி நேரம் ஓடினால் உன் கணக்கில் பாதிக்கு மேல் ஏறிவிடும்.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாக இருக்கட்டும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி பன்னிரண்டு கிலோ அளவுதான். என் டியூபுலரை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஈயத்தில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், இதில் எண்பது சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். உனக்கு இரண்டு தேவைப்படும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். தகரத்தில் துளையிட்டு வயரை இழுக்கும் இடங்களில் எல்லாம் ரப்பர் வளையம் போடச் சொல். வண்டி குலுங்கிக் குலுங்கி வயரின் தோல் உரிந்தால் நெருப்புதான். உள்ளே ஆட்கள் படுத்திருப்பார்கள், வயிரவா. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

மானியம் கேட்டிருந்தாய். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கொடுக்கிறார்கள். அது வாரிய மின் இணைப்போடு சேர்ந்து ஓடும் கூரை பேனலுக்கு. என் தோட்டத்துக்கும் கிடையாது, உன் வேனுக்கும் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் மதிலை ஒட்டி நடப்போமே, நினைவிருக்கிறதா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த இடம். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நமக்கு அப்போது தெரியாது. பேட்டரியைப் பற்றி அங்கே ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பேட்டரியைப் பறிகொடுத்த பிறகு இப்போது அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் தலையைத் திருப்பாமல் இருக்க முடிவதில்லை.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேனை ஓட்டிக்கொண்டு வா. வயரில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கிளாம்ப் மீட்டர் என்னிடம் இருக்கிறது, 16 சதுர மில்லிமீட்டர் வயரும் ஆறு மீட்டர் மிச்சம் கிடக்கிறது. ஆச்சியையும் அழைத்து வா, இங்கே ஏறுவதற்குப் படியே இல்லை. ஃபிரிட்ஜை மறக்காமல் எடுத்து வா. ஒரு முழு நாள் ஓடவிட்டு அது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து நோட்டில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு பேனல்காரருக்குப் போன் செய்யலாம்.

அன்புடன்,
சோமு