பாட்டுக்கு நடுவே வசனம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இசையமைப்பாளர் ஆடம் கெட்டலின் 'மித்ஸ் அண்ட் ஹிம்ஸ்' (புராணங்களும் துதிப்பாடல்களும்) பாடல் தொடரைப் பற்றித் தங்கள் கலைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அதிகம் பேசப்படாத ஒரு படைப்புக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை சொல்லும் யோசனையை ஏற்க முடியவில்லை. கதை இல்லாததால் பாடல்கள் சிதறிக் கிடக்கின்றன, மேடையேற்றுகிறவர்கள் நடுநடுவே வசனம் எழுதிச் சேர்க்கலாம் என்கிறது கட்டுரை. யாராவது இதை நம்பி வசனம் எழுத உட்கார்ந்துவிட்டால் படைப்பு கெட்டுப்போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். இந்தத் தொடரின் ஒரு பாதி கிரேக்கப் புராணம், மறுபாதி ஹோமர் பெயரில் வழங்கும் பழைய துதிகள் என்று கட்டுரை எழுதியிருக்கிறது. அப்படியல்ல. ஹோமரின் பெயரில் வழங்கும் 33 துதிகள் டிமிட்டர், அப்போலோ, ஹெர்மிஸ் போன்ற தெய்வங்களைப் போற்றுபவை. அவற்றுக்கும் இந்தப் பாடல்களுக்கும் சம்பந்தமில்லை. கெட்டல் எடுத்துக்கொண்டது 1886ஆம் ஆண்டின் பிரஸ்பிடேரியன் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவு ஒன்று) ஞானப்பாட்டுப் புத்தகம் ஒன்றை. அமெரிக்கத் தேவாலயங்களில் சபை முழுவதும் எழுந்து நின்று பாடிய பாட்டுகள் அவை. இந்த வேறுபாடு தெரியாமல் மேடை அமைத்தால் ஞானப்பாட்டுப் பகுதிக்கும் வெள்ளை அங்கியும் ஒலிவ இலைக் கிரீடமும் வந்துவிடும். அப்போது இரண்டு உலகங்கள் மோத வேண்டிய இடத்தில் ஒரே உலகம்தான் மிஞ்சும்.

சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய மெட்டுப் போட இந்த வகைப் புத்தகங்கள் தோதானவை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 8.6.8.6 என்றோ 7.7.7.7 என்றோ எண்கள் இருக்கும். ஒரு வரிக்கு எத்தனை அசை என்ற கணக்கு அது. ஒரே கணக்கில் அமைந்த எந்தச் சொற்களையும் அதே கணக்கில் அமைந்த எந்த மெட்டிலும் பாடலாம். தொடரில் வரும் 'சில்ட்ரன் ஆஃப் த ஹெவன்லி கிங்' ஜான் செனிக் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. 7.7.7.7 கணக்கு. பாடகர்கள் பழைய மெட்டில் ஒரு முறை அதைப் பாடிப் பார்த்துவிட்டுப் புதிய மெட்டுக்கு வருவது நல்லது. இசையமைப்பாளர் எந்தச் சொல்லை நீட்டியிருக்கிறார், எங்கே சபைப் பாட்டின் நடையை உடைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் காதில் படும்.

இனி கதை இல்லை என்ற குறைக்கு வருவோம். புராணப் பாடல்களில் மனிதன் தன் எல்லையைத் தாண்டப் பார்த்து விழுகிறான். இகாரஸ் மெழுகுச் சிறகோடு சூரியனை நெருங்கிக் கடலில் விழுகிறான். பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை மீதேறித் தேவர்கள் வாழும் ஒலிம்பஸுக்கே போக நினைத்த பெலரோஃபோன், ஸீயஸ் ஏவிய மாட்டு ஈ கடித்துக் குதிரை மிரண்டதில் தரைக்கு வந்து சேர்கிறான். சிசிஃபஸ் மலைமேல் உருட்டும் பாறை உச்சியைத் தொடும் நேரத்தில் உருண்டு இறங்குகிறது. ஹெலஸ்பாண்ட் நீரிணையை இரவில் நீந்தும் லியாண்டர், அக்கரையில் காதலி ஹீரோ ஏற்றிவைத்த விளக்குக் காற்றில் அணைய, திசை தெரியாமல் மூழ்கிப்போகிறான். ஞானப்பாட்டுகளிலோ பணிந்தவன் உயர்த்தப்படுகிறான். விழுவதும் உயர்வதும் மாறி மாறி வருவதைக் கேட்கிறவர், தானாக எட்டிப் பிடிக்க நினைப்பதா, பணிந்து தன்னை ஒப்படைத்துவிடுவதா என்ற கேள்விக்குள் இழுக்கப்படுகிறார். 19ஆம் நூற்றாண்டு வழிபாட்டுச் சொற்களுக்குப் பக்கத்தில் இகாரஸை நிறுத்தியதே ஒரு வாதம். அதை வசனத்தில் விளக்கினால் கேட்கிறவருக்கு வேலையே இல்லாமல் போகிறது.

'ஹேட்ஸ்டவுன்' என்ற இசை நாடகம் கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் கதையைத் தெளிவாகச் சொல்லவில்லையா என்று கட்டுரை கேட்கிறது. சொல்கிறது, அழகாகவே சொல்கிறது. ஆனால் அதில் இருப்பது ஆர்ஃபியஸ் யூரிடிசி, ஹேடிஸ் பெர்சிஃபனி என்ற இரண்டு ஜோடிகள் பின்னிக்கொண்ட ஒரே கதை. 2006இல் வெர்மான்ட்டில் தொடங்கி, 2010இல் இசைத் தொகுப்பாகி, 2019இல் பிராட்வேக்கு வரும்வரை அந்த ஒரு கதைக்குள்ளேயே அது வளர்ந்தது. கெட்டலின் பாடல்களில் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத பாத்திரங்கள் வருகிறார்கள். அவர்களைச் சந்திக்க வைக்க வேண்டுமானால் பாட்டில் இல்லாத ஒரு குடும்பத்தையோ காதலையோ கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

1998இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் 'சாட்டர்ன் ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் இது முதலில் வந்தபோது கச்சேரி என்றே சொல்லப்பட்டது. இப்போதைய பெயர் 1999இல் நன்சச் நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவோடு வந்தது. 2012இல் அதே நகரத்தில் ஒரு நாடகக் குழு கதை இழை ஒன்றைச் சேர்த்து மேடையேற்றியது. 2021இல் மாஸ்டர்வாய்ஸஸ் பாடகர் குழு இணையத்தில் வழங்கியபோது பறத்தல், உழைப்பு, அன்பு, விசுவாசம் என்று நான்கு அத்தியாயங்களாகப் பிரித்தது. எங்களுக்குப் பின்னதுதான் சரியாகப் படுகிறது. நான்கு தலைப்புகள் கேட்கிறவருக்கு ஒரு கைப்பிடி கொடுக்கின்றன, பாட்டின் வேலையைப் பிடுங்கிக்கொள்வதில்லை.

வசனம் வேண்டாம் என்றால் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது? ஒத்திகையில் பெரும்பாலான குழுக்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பாட்டுகளைத் தனித்தனியாகப் பழகுகிறார்கள், இணைப்புகளைக் கடைசி இரண்டு நாளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இணைப்புகளுக்கென்றே தனி ஒத்திகை வேண்டும். ஒவ்வொரு பாட்டின் கடைசி எட்டு அளவுகளையும் (அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று, பார்) அடுத்த பாட்டின் முதல் எட்டு அளவுகளையும் மட்டும், தொடரின் முதலிலிருந்து கடைசிவரை, நிறுத்தாமல்.

ஸ்கேலை முதலில் பாருங்கள். ஒரு பாட்டு சி மேஜரில் முடிகிறது, அடுத்தது இ ஃப்ளாட் மேஜரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கார்டுக்கும் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பொதுவான ஸ்வரம் ஜி. முன்னதில் அது ஐந்தாம் ஸ்வரம், பின்னதில் மூன்றாவது. கடைசிக் கார்டில் ஜி வைத்திருக்கும் வாத்தியம் எல்லோருக்கும் பிறகு நிறுத்தினால் போதும், அடுத்த பாடகருக்கு நிற்க ஒரு இடம் கிடைத்துவிடும். புதிதாக ஒரு ஸ்வரமும் எழுத வேண்டியதில்லை. ஆபத்து எங்கே வருகிறதென்றால், பாடகர் குரலுக்கு எட்டவில்லை என்று இரண்டாவது பாட்டை ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோகும்போது. டி ஃப்ளாட் கார்டில் ஜி கிடையாது. பாடகர் காதில் பழைய ஜி நின்றுகொண்டிருக்க, நுழைவே தடுமாறும். ஒத்திகையில் அந்தப் பாட்டைத் தனியாகப் பாடியதால் பிரச்சினை தெரிந்திருக்காது. ஸ்கேலை மாற்றும்போதெல்லாம் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். சி மேஜர், எஃப் ஷார்ப் மேஜர் கார்டுகள் போலப் பொது ஸ்வரமே இல்லாத ஜோடி வந்தால் அங்கே சில விநாடி மௌனம்தான் வழி.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 72 அடியில் போகும் பாட்டின் முடிவில் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்தால் நிமிடத்துக்கு 216 தட்டு. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கேட்டால் 108. டிரம்மர் கடைசி இரண்டு அளவுகளில் ஹை-ஹேட்டில் (மிதித்து மூடும் ஜோடித் தட்டு) அந்த மூன்றை மெல்லத் தட்டினால், 108 அடிப் பாட்டு கவுண்ட் கொடுக்காமலே பிறந்துவிடும். வேகங்கள் இப்படிப் பொருந்தாத இடத்தில் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆரம்பிப்பதைவிட, இசை நடத்துநரின் மூச்சைப் பார்த்து நுழைவது மேல். குச்சிச் சத்தம் கேட்டதும் அரங்கம் அடுத்த உருப்படிக்குத் தயாராகிவிடுகிறது.

மௌனத்தையும் விநாடிக் கணக்கில் கியூ தாளில் (எப்போது என்ன நடக்க வேண்டும் என்ற குறிப்புத் தாள்) எழுதி வைக்க வேண்டும். ஒரு விநாடி மூச்சுவிட, மூன்று விநாடி மனம் மாற. அதற்கு மேல் போனால் எங்காவது ஒருவர் கைதட்டுவார், பிறகு எல்லோரும் தட்டுவார்கள். கைதட்டல் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அது முந்தைய பாட்டின் சுருதியை காதிலிருந்து துடைத்துவிடும். எங்கே கைதட்டலை விடுவது, எங்கே தடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். விளக்கை முழுக்க அணைத்தால் அரங்கம் கட்டாயம் தட்டும். விளக்கைப் பாதிக்குத் தாழ்த்தி, பாடியவர் பார்வையை இறக்காமல் நிற்க, அடுத்தவர் நடக்கத் தொடங்கினால் தட்டாது. ஆரவாரமாக முடியும் 'இகாரஸ்' போன்ற பாட்டுக்குப் பின் தட்ட விடுவதே நல்லது, அடக்கிவைத்தால் அடுத்த மெல்லிய பாட்டில் இருமலாக வெளிவரும்.

குரல் விஷயத்தில் இந்தத் தொடர் இரக்கம் காட்டுவதில்லை. பக்கவாத்தியம் மெட்டைக் கூடவே வாசித்துத் துணை செய்வது குறைவு, மெட்டில் பெரிய தாவல்கள் உண்டு. அதனால் பாடகர் தன் ஸ்வரத்தைக் கார்டுக்குள்ளிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். பியானோவில் மெட்டை வாசித்துக் கொடுத்துப் பழக்கினால் மேடையில் கைவிட்டுவிடும். முதல் வாரத்திலிருந்தே பக்கவாத்தியத்தின் இடதுகைப் பகுதியை மட்டும் வைத்துப் பாட வையுங்கள். தாளம் மாறி மாறி வரும் பகுதிகளில் முதலில் சொற்களை மெட்டில்லாமல் தாளத்தில் பேச வேண்டும். பேச வராததைப் பாட வராது.

வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடும் இடங்களில் சுருதி மெதுவாக இறங்கும். அதிகம் இறங்குவது உயர்ந்த ஸ்வரங்களில் அல்ல, ஒரே ஸ்வரத்தில் நாலைந்து அசைகள் தொடர்ந்து வரும் இடத்தில். ஒவ்வோர் அசையும் முந்தையதைவிட மயிரிழை தாழும். கால் சுரம் இறங்கியிருந்தாலும் கேட்கிறவருக்குத் தெரியாது, வாத்தியம் திரும்ப நுழையும் வரை. நுழைந்த கணம் எல்லாம் தெரிந்துவிடும். ஆல்ட்டோவையும் டெனரையும் மட்டும் தனியாகப் பாட வைத்துக் கேளுங்கள், கசிவு பெரும்பாலும் நடுக்குரல்களில்தான் இருக்கும். கார்டின் மூன்றாம் ஸ்வரத்தைப் பாடுபவர் யார் என்பது ஒவ்வோர் இடத்திலும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஞானப்பாட்டுப் பகுதிகளில் குரல் நடுக்கத்தைக் குறைத்து, உயிரெழுத்துகளை ஒரே வடிவில் திறந்தால் நான்கு பேர் பாடுவது நாற்பது பேர் பாடுவதுபோல ஒலிக்கும்.

ஆறு பாடகர்கள் போதும். ஆனால் உச்சத்தில் அடித்துப் பாடும் பாட்டு ஒன்றை முடித்தவருக்கு அடுத்த இரண்டு பாட்டுகளிலாவது தனிப் பகுதி தரக்கூடாது. பகிர்வைத் தாளில் கட்டம் போட்டுப் பார்த்தால் எந்த டெனர் சாகப்போகிறார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

மேடைப் பொருள்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இகாரஸுக்குச் சிறகு ஒட்டாதீர்கள், சிசிஃபஸுக்குப் பாறை தராதீர்கள். இசை ஏற்கெனவே செய்வதைப் பொருள் திரும்பச் செய்யும்போது பார்வையாளர் கண் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. விளக்கம் தேவைப்படுவது வேறிடத்தில். ஹீரோ என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரியாமல் 'ஹீரோ அண்ட் லியாண்டர்' கேட்கிறவருக்குப் பாதி பாட்டு போய்விடும். ஆகவே நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு புராணத்துக்கும் இரண்டு வரி அச்சிடுங்கள், பாட்டு வரிசைப்படி. அரங்க விளக்கை முழுவதும் அணைக்காமல் படிக்கிற அளவுக்கு விட்டுவையுங்கள். தாளில் பக்கம் திருப்பும் இடம் மெல்லிய பாட்டின் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பினால் அந்தச் சத்தத்துக்கு மைக் தேவையில்லை.

தொடரின் தொடக்கப் பகுதியிலும் முடிவிலும் 'சாட்டர்ன் ரிட்டர்ன்ஸ்' (சனி திரும்புகிறது) என்ற பாட்டு வருகிறது. சனி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள். ஒரு சுற்று முடிந்து திரும்பும் வயதின் பசியைப் பற்றிய பாட்டு அது. முடிவில் வரும்போது பல குழுக்கள் உருக்கம் கூட வேண்டுமென்று வேகத்தைக் குறைக்கின்றன. நடுவில் கேட்ட எல்லாமும் சேர்ந்து அந்தப் பாட்டின் பொருளைத் தாமே மாற்றியிருக்கின்றன, வேகமும் மாறினால் அதே பாட்டுத்தான் திரும்பியது என்பதே பிடிபடாது. முதலில் எடுத்த வேகத்தை மெட்ரோனோமில் குறித்துவைத்து அதையே கடைசியிலும் எடுக்க வேண்டும்.

கட்டுரை தொடாத நடைமுறை விஷயம் ஒன்று பாக்கி. இது உரிமை பெற்று மேடையேற்ற வேண்டிய படைப்பு. வசனம் சேர்ப்பது, பாட்டை நீக்குவது, வரிசையை மாற்றுவது, ஸ்கேலை மாற்றுவது என எதற்கும் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும். ஒத்திகை தொடங்கிய பிறகு கேட்டு மறுப்பு வந்தால் பழகியதையெல்லாம் கலைத்துவிட்டு மறுபடி தொடங்க நேரும். ஆகவே ஸ்கோரை (இசைப் பிரதியை) வரவழைக்கும் கடிதத்திலேயே எந்தப் பாட்டு, எந்த அளவு, என்ன மாற்றம் என்று குறிப்பிட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இப்படிக்கு,
இசை நாடகத் துறையில் உள்ள வாசகர்கள்