புகார் பெட்டியின் சாவி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைநிறுத்தச் செய்திகளை உங்கள் பத்திரிகையில் விடாமல் படிக்கிறவன் நான். கேட்டுக்கு வெளியே கூட்டம், பேச்சுவார்த்தை தோல்வி, நிர்வாகத்தின் விளக்கம் எல்லாம் வருகிறது, அதற்கு ஆறு மாதம் முன்னால் உள்ளே என்ன நடந்தது என்பது மட்டும் வருவதே இல்லை. இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். மேலே இருப்பவர்களுக்கு நான் தொழிலாளி பக்கம் சாய்கிறவன், கீழே இருப்பவர்களுக்கு முதலாளியின் ஆள், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தில் சுவரில் ஒரு புகார் பெட்டி தொங்கியது. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அதைக் கழற்றியபோது உள்ளே ஏதோ சரசரத்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் எச்.ஆர். ஸ்டோரைக் கைகாட்டினார், ஸ்டோர்காரர் செக்யூரிட்டியைக் கைகாட்டினார். கடைசியில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தோம். பதினொரு கடிதம். அதில் ஒன்று, சம்பளச் சீட்டில் ஆறு மணி நேர ஓவர்டைம் விட்டுப்போயிருக்கிறது, தயவுசெய்து பார்க்கவும் என்று பணிவாக எழுதியது, தேதி ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. எழுதியவர் அதற்குள் ஷிப்ட் நேரத்தில் என்னிடம் சத்தம் போட்டு, மெமோ வாங்கி, வேலையை விட்டே போயிருந்தார். மெமோவில் இருந்தது என் கையெழுத்து. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்று எழுதியிருந்தேன். பேசினார்தான், நான் பொய் எழுதவில்லை. ஆனால் எதற்காகப் பேசினார் என்பது பூட்டிய பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அந்தப் பாக்கியை அக்கவுண்ட்ஸில் சொல்லி அனுப்பி வைத்துவிட்டேன், வேலையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதற்கெல்லாம் வழிமுறையே இல்லையா என்றால், இருக்கிறது. 1919-இல் தொடங்கிய சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே, பணியிடக் குறைகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 130-வது பரிந்துரையில் எழுதி வைத்திருக்கிறது. தனியாகவோ நாலு பேர் சேர்ந்தோ குறை சொன்னால், சொன்ன காரணத்துக்காக அவர்களுக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது, முதலில் நேரடி மேலதிகாரி மட்டத்தில் தீர்க்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் மேலே கொண்டுபோக வழி இருக்க வேண்டும், துணைக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட வேலை பார்க்கிறவரையோ அழைத்து வரலாம். 1982-இல் வந்த 158-வது உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், நடத்தை சரியில்லை, வேலை சரியில்லை என்று ஒருவரை அனுப்புவதற்கு முன்னால் அவர் பதில் சொல்ல வாய்ப்புக் கொடு என்கிறது. பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, உடன்படிக்கையை ஏற்காத நாடுகள்தான் அதிகம், தெரியும். சாவியைத் தேடி எடுத்துப் பெட்டியைத் திறக்க எந்த நாட்டு அரசும் கையெழுத்துப் போட வேண்டியதில்லையே!

முதலாளி என்றாலே கொடுமைக்காரர் என்று சொல்ல வரவில்லை. சின்ன நிறுவனமாக இருந்தால் வர வேண்டிய பணம் வராமல் அவரே தூக்கம் கெட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று பயம். சம்பளம் ஐந்து நாள் தள்ளிப் போனதும் காரணத்தை ஆளாளுக்குக் கற்பனை செய்துகொள்வார்கள், அப்புறம் அவர் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். தொழிலாளிகளிலும் நண்பனின் கார்டையும் சேர்த்துப் பஞ்ச் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக வாதாட மாட்டேன்.

பெட்டியைத் திறந்த பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டேன். புகார் வந்த தேதி, என்ன புகார், என்ன பதில், பதில் சொன்னவர் கையெழுத்து, அவ்வளவுதான். முதல் மாதமே பக்கங்கள் நிறைந்துவிட, நோட்டு வைத்ததால்தான் புகார் கூடுகிறது என்று மேலே இருந்து எனக்கே திட்டு. இரண்டாவது மாதத்தில் பாதிப் பதில்கள் ‘முடியாது’ என்றுதான் போயின, ஏன் முடியாது என்று இரண்டு வரி சேர்த்து. ஆச்சரியம், அதற்குப் பெரிதாக யாரும் சண்டைக்கு வரவில்லை. முணுமுணுத்தார்கள், சரி, அது இல்லாமல் எந்த வேலையிடம் இருக்கிறது? அந்தக் கையெழுத்துப் பத்திதான் மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. வாயால் சொல்லிவிட்டு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்கிற கணக்கு. இப்போது புகாரை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்களாம். நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் யார் தன் சம்பளக் குறையைப் போடுவார்?

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேலைநிறுத்தச் செய்தி எடுக்கப் போகும்போது, இந்தக் கோரிக்கையை முதன்முதலில் எழுதிக் கொடுத்தது எந்தத் தேதி என்று தொழிலாளர்களிடம் கேளுங்கள். அதற்கு நீங்கள் எழுத்தில் பதில் கொடுத்தது எந்தத் தேதி என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சூப்பர்வைசர்